கரடி வாழும் காட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் நீங்கள் மூன்று நாள் நடக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் ஒரு மூட்டை. அதில் கூடாரம், படுக்கை, உணவு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 15 கிலோகிராம். நீங்கள் நுழையும் காடு கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடிகள் வாழும் காடு. வளர்ந்த ஆண் கரடி ஒன்று 200 முதல் 300 கிலோகிராம் வரை எடையிருக்கும். தேவைப்பட்டால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பாதுகாப்புக்காக இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியைச் செருகிக்கொள்ள விரும்புகிறீர்கள். அந்த நாட்டில் அது கடையில் விற்கும் பொருள். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

'இருப்பதிலேயே வலிமையானதை' என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அமெரிக்கர்களும் நெடுங்காலம் அதையே சொன்னார்கள். அந்த விடை எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, இறுதியில் அறிவியல் அதை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதைப் பார்ப்போம். இந்த வரலாற்றில் இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் இடம் உண்டு. நம் சமையலறையில் உள்ள ஒரு பொருளுக்கும் இடம் உண்டு!

ஒரு குண்டும் ஒரு கரடியும்

1804 முதல் 1806 வரை, மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்ற இருவரின் தலைமையில் ஒரு குழு அமெரிக்காவின் குறுக்கே மேற்குக் கடற்கரை வரை சென்று திரும்பியது. வழியெங்கும் கண்ட விலங்குகளையும் தாவரங்களையும் அவர்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். கிரிஸ்லி கரடியைப் பற்றிய விரிவான செய்திகள் கற்றவர் உலகுக்கு அக்குறிப்புகளின் மூலமே எட்டின. அவற்றைக் கொண்டு ஜார்ஜ் ஆர்ட் என்பவர் 1815-ஆம் ஆண்டு இக்கரடிக்கு அறிவியல் பெயர் இட்டார். அப்பெயரில் உள்ள 'ஹாரிபிலிஸ்' என்ற சொல்லுக்கு 'அச்சமூட்டுவது' என்பது பொருள்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அக்காலத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பது. ஒரு முறை சுட்டபின், குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து, மறுபடி சுடுவதற்குள் அரை நிமிடம் ஓடிவிடும். 1805-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், ஆறு வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரே கரடியைச் சுட்டார்கள். குண்டுகள் பாய்ந்த பின்னும் கரடி அவர்களைத் துரத்தியது. அவர்களுள் இருவர் உயரமான கரையிலிருந்து ஆற்றில் குதித்துத்தான் தப்பினர்.

அடுத்த மாதம், ஜூன் 14-ஆம் நாள், லூயிஸ் தனியே நடந்து சென்றார். மிசௌரி ஆற்றின் பேரருவிகளுக்கு அருகே ஓர் எருமையைச் சுட்டார். அது சரிந்து விழுவதைப் பார்த்து நின்றதில் துப்பாக்கியை மறுபடி நிரப்ப மறந்தார். திரும்பிப் பார்த்தால் இருபது எட்டுத் தொலைவில் ஒரு கரடி! வெட்டவெளி, ஏறுவதற்கு மரமும் இல்லை. லூயிஸ் ஓடி ஆற்றில் இறங்கினார். இடுப்பளவு நீரில் நின்று, கையிலிருந்த ஈட்டியைக் கரடியை நோக்கி நீட்டினார். கரடி சட்டென்று திரும்பி ஓடிவிட்டது. இனி எந்நேரமும் துப்பாக்கியை நிரப்பியே வைத்திருப்பது என்று அன்று அவர் முடிவு செய்துகொண்டார்.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, ஆயுதம் தக்க நொடியில் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டு, குண்டு பாயாமலே கரடி திரும்பிப் போகவும் கூடும். முதல் செய்தியை அமெரிக்கர்கள் உடனே பற்றிக்கொண்டார்கள். இரண்டாவதைக் கவனிக்க ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆயின.

சுழலும் உருளை

மறுபடி நிரப்பும் நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது? சாமுவேல் கோல்ட் இதற்கு விடை கண்டார். பதினாறு வயதில், 1830-ஆம் ஆண்டு, அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் வேலை செய்தார். கப்பலின் பற்சக்கரம் சுழன்று சுழன்று நிலைகொள்வதைப் பார்த்துத்தான் சுழல் துப்பாக்கியின் கருத்து அவருக்கு உதித்தது என்று பின்னாளில் சொல்லப்பட்டது. 1836-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாம் ரிவால்வர் என்று அழைப்பது இதைத்தான். ஓர் உருளையில் ஐந்தோ ஆறோ அறைகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் சுத்தியலை இழுக்கும்போது அடுத்த அறை குழலுக்கு நேரே வந்து நிற்கும். ஆக, ஒருவர் நிறுத்தாமல் ஐந்தாறு முறை சுடலாம்.

1847-ஆம் ஆண்டு வெளிவந்த 'வாக்கர்' ரிவால்வரின் எடை ஏறக்குறைய 2 கிலோகிராம். அவ்வளவு எடையை இடுப்பில் கட்டிக்கொண்டு யார் நடப்பார்? அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அது குதிரை வீரர்களுக்காகச் செய்யப்பட்டது. சேணத்தில் தொங்கிய உறையில் அது இருந்தது; குதிரையே அதைச் சுமந்தது. 1873-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வர் உலோகத் தோட்டாக்களை ஏற்றது. எடையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இப்போதுதான் வலிமையான ரிவால்வர் ஒன்று குதிரையின் சேணத்திலிருந்து மனிதனின் இடுப்புக்கு வசதியாக இறங்கியது எனலாம்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. 1872-ஆம் ஆண்டு எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா உருவாயிற்று. காடு என்பது வேட்டைக்கு மட்டும் உரியதன்று, பார்த்து மகிழவும் உரியது என்ற எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் பூங்காக்களுக்கு வெளியே கிரிஸ்லியின் நிலை மோசமாகிக்கொண்டே போனது. அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில், 1800-ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 50,000 கிரிஸ்லிகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சுடுதலும் பொறியும் நஞ்சும் நிலம் பறிபோனதும் சேர்ந்து, 1975-ஆம் ஆண்டுக்குள் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது.

'மேக்னம்' காலம்

இருபதாம் நூற்றாண்டில் புகையில்லா வெடிமருந்தும் உறுதியான எஃகும் கைத்துப்பாக்கிகளின் வலிமையைக் கூட்டின. 1935-ஆம் ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 0.357 அங்குல மேக்னம் ரிவால்வரை வெளியிட்டது. மேக்னம் என்பது பெரிய திராட்சை மதுப் புட்டியின் பெயர். 'வழக்கமானதைவிடப் பெரிது' என்பதைச் சுட்ட அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

ஐடஹோ மாநிலத்தில் எல்மர் கீத் என்ற பண்ணைக்காரர் இருந்தார். வேட்டை வழிகாட்டியாகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர். கனமான குண்டும் மிகுதியான வெடிமருந்தும் கொண்ட தோட்டாக்களைத் தாமே செய்து பல ஆண்டுகள் சோதித்தார். நிறுவனங்களும் அதைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். அதன் பயனாக 1956-ஆம் ஆண்டு 0.44 மேக்னம் சந்தைக்கு வந்தது. 1971-ஆம் ஆண்டு வந்த 'டர்ட்டி ஹாரி' திரைப்படம் அதை ஊரறியச் செய்தது. காட்டில் நடப்போர் பலருக்கு 'கரடிக்கான கைத்துப்பாக்கி' என்றால் இதுவே என்று ஆயிற்று.

போட்டி அத்துடன் நிற்கவில்லை. 2003-ஆம் ஆண்டு 0.500 மேக்னம் வந்தது. அதன் நீண்ட குழல் வடிவத்தின் எடை ஏறக்குறைய 2 கிலோகிராம். 1847-ஆம் ஆண்டின் வாக்கர் ரிவால்வரின் எடை நினைவிருக்கிறதா? 156 ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதே எடைக்கு வந்து நின்றார்கள். இம்முறை சுமப்பதற்குக் குதிரை மட்டும் இல்லை!

கொஞ்சம் கணக்கு

வலிமைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? 0.44 மேக்னம் குண்டின் நிறை ஏறத்தாழ 15.6 கிராம். அது குழலை விட்டு வெளிப்படும் வேகம் வினாடிக்குச் சுமார் 430 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். விடை, ஏறத்தாழ 1,440 ஜூல். வேட்டைக்காரர்கள் பெரிதும் பயன்படுத்தும் 0.30-06 நீளத் துப்பாக்கியின் குண்டு 11.7 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 820 மீட்டர். ஆற்றல் 3,900 ஜூலைத் தாண்டுகிறது. ஆக, பெயர்பெற்ற மேக்னம் ரிவால்வரும் ஒரு சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் ஆற்றலில் பாதியைக்கூட எட்டுவதில்லை. 0.500 மேக்னம் மட்டும் சுமார் 3,500 ஜூல் வரை போகிறது.

இனி மறுபக்கம். நியூட்டனின் மூன்றாம் விதி துப்பாக்கிக்கும் பொருந்தும். குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும். 15.6 கிராம் குண்டின் உந்தத்தை 1.3 கிலோகிராம் எடையுள்ள ரிவால்வர் ஏற்கும்போது, அது வினாடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது. நடப்பவர்களுக்கு எடை குறைவாக இருக்கட்டும் என்று, 2000-களில் டைட்டானியம் போன்ற இலேசான உலோகங்களைக் கொண்டு 0.7 கிலோகிராம் எடையில் 0.44 மேக்னம் ரிவால்வர்கள் செய்தார்கள். முதுகுக்குச் சுகம்தான். ஆனால் அதே குண்டுக்கு அந்தத் துப்பாக்கி வினாடிக்கு 9 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னே உதைக்கும். கையில் வந்து மோதும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெடித்த வாயுவின் உந்தத்தைச் சேர்த்தால் உதை இன்னும் கூடும். இத்தகைய உதையில் குழல் மேலே தூக்கிக்கொள்ளும். அதை மீண்டும் கீழே இறக்கிக் குறிபார்த்தால்தான் இரண்டாவது குண்டு பயன் தரும்.

எடை குறைந்தால் உதை கூடும். உதை குறைய வேண்டுமானால் எடை கூடும், அல்லது வலிமை குறையும். கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் எவரும் இந்த முக்கோணத்திலிருந்து தப்ப முடியாது. அதனால்தான் சிலர் பேராற்றலை விட்டுவிட்டு, அடக்கக்கூடிய உதையும் மிகுதியான தோட்டாக்களும் கொண்ட தானியங்கிக் கைத்துப்பாக்கியை நாடினார்கள். வெண்கரடிகள் உலவும் வடகிழக்குக் கிரீன்லாந்தில், நாய் வண்டிகளில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் வைத்திருப்பது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும் தானியங்கித் துப்பாக்கிதான்.

இரண்டு வினாடிகள்

ஆற்றல் கணக்கைப் போட்டுவிட்டோம். நேரக் கணக்கை யார் போடுவது? மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். 30 மீட்டர் தொலைவில் புதரிலிருந்து கிளம்பும் கரடி இரண்டு வினாடியில் உங்கள் முன் நிற்கும். அதற்குள் நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்; கரடிதான் என்று உணர வேண்டும்; உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்க வேண்டும்; நடுங்கும் கையால் குறிபார்க்க வேண்டும்; சுட வேண்டும். பாய்ந்து வரும் கரடியின் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அதன் மூளையோ சிறிது; தடித்த தசைக்கும் சரிந்த மண்டையோட்டுக்கும் பின்னே பாதுகாப்பாக இருக்கிறது.

குண்டு இதயத்தில் பாய்ந்தாலும் ஆபத்து உடனே தீர்ந்துவிடாது. இதயம் நின்றபின்னும் மூளையில் எஞ்சிய ஆக்சிஜன் சுமார் பத்து வினாடிகளுக்குப் போதும். அந்தப் பத்து வினாடியில் கரடி 140 மீட்டர் ஓடக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். லூயிஸ் குழுவினரின் வேட்டைக்காரர்கள் கண்டு திகைத்தது இதைத்தான். கரடி குண்டை எதிர்த்து நின்றது என்பதைவிட, குண்டு வேலை செய்ய நேரம் எடுத்தது என்பதே உண்மை.

1967: ஓர் இரவு

1910-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிளேசியர் தேசியப் பூங்கா மான்டானாவில் உள்ளது. 57 ஆண்டுகளாக அங்கே எவரும் கரடியால் இறந்ததில்லை. 1967-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள் விடிவதற்கு முன், சில மணி நேர இடைவெளியில், பல கிலோமீட்டர் தொலைவிலிருந்த இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இருவருக்கும் வயது 19.

நாடே அதிர்ந்தது. பூங்காவில் உள்ள கிரிஸ்லிகளை ஒழித்துவிட வேண்டும் என்றுகூடக் குரல்கள் எழுந்தன. ஆனால் விசாரித்தவர்கள் கண்டது வேறு. ஓர் இடத்தில், மலை விடுதியின் பின்புறம் கொட்டப்பட்ட எச்சில் உணவைத் தின்ன இரவுதோறும் கரடிகள் வந்தன. விடுதியில் தங்கியவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். மற்றோர் இடத்தில், மெலிந்த கரடி ஒன்று அந்தக் கோடை முழுவதும் முகாம்களில் புகுந்து உணவைப் பறித்துக்கொண்டிருந்தது. மனிதனைக் கண்டால் விலகும் இயல்பை அந்தக் கரடிகள் இழந்திருந்தன. இழக்கச் செய்தது மனிதனின் குப்பை.

அந்த இரவுக்குப் பின் பூங்காக்களின் விதிகள் மாறின. கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். உணவைக் கரடிக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள். எல்லோஸ்டோனில் கரடிகள் மேய்ந்த குப்பை மேடுகளும் மூடப்பட்டன. 1975-ஆம் ஆண்டு, அலாஸ்கா நீங்கலான மாநிலங்களில் கிரிஸ்லி சட்டப் பாதுகாப்பு பெற்றது. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹெரேரோ, கரடித் தாக்குதல்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து ஆராய்ந்து 1985-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். கரடி ஏன் தாக்குகிறது என்று அவர் கேட்டார். எதிர்பாராமல் மிக அருகில் மனிதனைச் சந்தித்துத் திடுக்கிட்ட கரடி, குட்டிகளைக் காக்க முனையும் தாய்க்கரடி, உணவுக்குப் பழகிப்போன கரடி, அரிதாக மனிதனையே இரையாகக் கருதும் கரடி என்று காரணங்கள் வேறு வேறு. முதல் இரண்டிலும் கரடி கொல்ல வரவில்லை. தன் அச்சத்தைப் போக்கிக்கொள்ளவே வருகிறது. அப்படியானால் அதைக் கொல்லாமலே திருப்பி அனுப்ப முடியாதா?

மிளகாய் வந்த வழி

இங்கேதான் நம் சமையலறைப் பொருள் மேடைக்கு வருகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த செடி. போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, நம்முடையதாகவே ஆகிவிட்டது. அதன் காரத்துக்குக் காரணமான பொருளை 1816-ஆம் ஆண்டு புக்கோல்ஸ் என்ற ஜெர்மானியர் தூய்மை குறைந்த நிலையில் பிரித்தெடுத்தார். 1876-ஆம் ஆண்டு த்ரெஷ் என்ற ஆங்கிலேயர் அதற்குக் காப்சைசின் என்று பெயரிட்டார்.

அமெரிக்காவில் தபால்காரர்கள் 1960-களிலேயே நாய்களை விரட்ட மிளகாய்ச் சாறு அடைத்த சிறு தெளிப்பான்களை வைத்திருந்தார்கள். நாய்க்கு ஆகுமானால் கரடிக்கு ஆகாதா? மான்டானா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஜோங்கல் என்ற கரடி ஆய்வாளர் இருந்தார். அவருடைய வழிகாட்டுதலில் கேரி ஹன்ட் என்ற மாணவி, பிடித்து அடைக்கப்பட்ட கரடிகளிடம் பல விரட்டும் பொருட்களைச் சோதித்து 1984-ஆம் ஆண்டு ஆய்வேடு சமர்ப்பித்தார். காப்சைசின் நல்ல பயன் தந்தது. 1980-களின் பிற்பகுதியில் கரடிக்கென்றே செய்யப்பட்ட பெரிய தெளிப்பான்கள் கடைக்கு வந்தன.

அவற்றில் காரப்பொருள் 1 முதல் 2 விழுக்காடு இருக்கும். விசையை அழுத்தினால் செம்மஞ்சள் நிறப் புகைமண்டலம் ஏழெட்டு மீட்டர் தொலைவுக்கு விரிந்து பரவும். கரடி அதற்குள் ஓடி வந்தாக வேண்டும். கண் எரியும், மூக்கும் தொண்டையும் வீங்கும், மூச்சு திணறும். மிளகாய் வறுக்கும்போது வீடே இருமுவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

ஏன் எரிகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. டேவிட் ஜூலியஸின் குழு 1997-ஆம் ஆண்டு நரம்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தைக் கண்டறிந்தது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் அது திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். காப்சைசின் அதே கதவைச் சூடு இல்லாமலே திறந்துவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். கரடியின் உடலில் தீக்காயம் எதுவும் ஏற்படுவதில்லை. நெருப்பில் முகத்தை வைத்ததாக அதன் மூளை நம்புகிறது; அவ்வளவுதான். சற்று நேரத்தில் எரிச்சல் அடங்கும். கரடி உயிருடன் இருக்கும். மனிதனை நெருங்கினால் என்ன ஆகும் என்ற பாடமும் அதனுடன் இருக்கும்.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது?

டாம் ஸ்மித், ஹெரேரோ ஆகியோரின் குழு, அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை தெளிப்பான் பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்ச்சிகளைத் தொகுத்து 2008-ஆம் ஆண்டு வெளியிட்டது. பழுப்புக் கரடிகளைப் பொறுத்தவரை, 92 விழுக்காடு நிகழ்ச்சிகளில் கரடி தன் செயலை நிறுத்திக்கொண்டது. நெருக்கமான சந்திப்புகளில் தெளிப்பான் வைத்திருந்தவர்களுள் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். ஏழு விழுக்காடு நிகழ்ச்சிகளில் காற்று இடையூறு செய்தது. பதினான்கு விழுக்காடு நிகழ்ச்சிகளில் காரம் தெளித்தவரையும் தாக்கியது.

அதே ஆய்வாளர்களுள் சிலர் சேர்ந்த குழு 2012-ஆம் ஆண்டு, 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி இருந்த 269 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து எழுதியது. கைத்துப்பாக்கி பயன்பட்ட நிகழ்ச்சிகள் 37. அவற்றுள் 84 விழுக்காட்டில் கரடி தடுக்கப்பட்டது. நீளத் துப்பாக்கிக்கு இது 76 விழுக்காடு.

இங்கே சற்று நில்லுங்கள். இரண்டு மூன்று மடங்கு ஆற்றல் உள்ள நீளத் துப்பாக்கி, கைத்துப்பாக்கியை வெல்லவில்லை! 37 என்பது சிறிய எண். அதைக் கொண்டு கைத்துப்பாக்கியே மேல் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் ஆற்றல் மட்டுமே உயிரைக் காப்பதாக இருந்தால் கணக்கு வேறு விதமாக அல்லவா வந்திருக்க வேண்டும்? துப்பாக்கி தோற்ற நிகழ்ச்சிகளின் காரணங்களைப் பார்த்தால் விடை தெரியும். 'குண்டு சிறிது' என்பது முதற்காரணமாக இல்லை. எடுக்க நேரம் இல்லை என்பதே முதற்காரணம். எடுத்தும் சுடவில்லை, துப்பாக்கி சிக்கிக்கொண்டது, குறி தவறியது, பாதுகாப்புப் பூட்டை விலக்க முடியவில்லை என்பவை மற்றக் காரணங்கள். அந்த நிகழ்ச்சிகளில் 172 கரடிகள் இறந்தன. நெருக்கமான சந்திப்புகளில் துப்பாக்கியைச் சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காய விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

92-ஐயும் 84-ஐயும் பக்கத்தில் வைத்து, தெளிப்பான் வென்றது என்று சொல்லிவிடலாமா? அறிவியல் மாணவர் அப்படி அவசரப்படக் கூடாது. இரண்டு தொகுப்புகளும் ஒரே வகையானவை அல்ல. தெளிப்பான் தொகுப்பில், ஆர்வத்தால் முகாமை நெருங்கிய கரடிகளும் உண்டு. அவற்றை விரட்டுவது எளிது. துப்பாக்கித் தொகுப்பிலோ கடுமையான தாக்குதல்கள் மிகுதி. எதுவும் நேராத சந்திப்புகளை யாரும் எழுதி வைப்பதும் இல்லை. ஆகவே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: தெளிப்பான் பெரும்பாலும் பயன் தருகிறது, அதற்குக் கூர்மையான குறி தேவையில்லை, துப்பாக்கியின் பயனை முடிவு செய்வது அதன் ஆற்றலைவிட, அதை ஏந்துபவரின் பயிற்சியும் கிடைக்கும் நேரமும்தான்.

தெளிப்பானுக்கும் குறைகள் உண்டு. எதிர்க்காற்றிலும் கடுங்குளிரிலும் அதன் வீச்சு குறையும். மூட்டைக்குள் வைத்தால் துப்பாக்கியைப் போலவே அதுவும் பயனற்றது. கொசு மருந்து போல உடலிலும் கூடாரத்திலும் பூசிக்கொள்வது பெருந்தவறு. காய்ந்த மிளகாய்ச் சத்தின் மணம் கரடியை ஈர்க்கிறது என்று ஸ்மித்தே கண்டு எழுதியிருக்கிறார்.

சட்டமும் மாறியது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நிரப்பிய துப்பாக்கியுடன் நடப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. 2009-ஆம் ஆண்டு நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, 2010 பிப்ரவரி 22 முதல், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு எடுத்துச் செல்லலாம் என்று ஆயிற்று. ஆனால் பூங்காவில் சுடுவதற்கு உள்ள தடை நீங்கவில்லை. எடுத்துச் செல்லும் உரிமை வேறு, சுடும் உரிமை வேறு.

இனி உங்கள் விடை

மான்டானாவின் அந்த ஒற்றையடிப் பாதைக்குத் திரும்புவோம். இன்று அங்கே பூங்காக் காவலர் உங்களிடம் முதலில் என்ன சொல்வார்? தனியே போகாதீர்கள், மூவர் நால்வராகப் போங்கள். வளைவுகளிலும் ஓடைக்கரையிலும் உரக்கப் பேசிக்கொண்டே நடங்கள். கரடியைக் கண்டால் குறைந்தது 100 கஜம் விலகி நில்லுங்கள். ஓடாதீர்கள். உணவைக் கூடாரத்தில் வைக்காதீர்கள். தெளிப்பானைக் கைக்கு எட்டும் இடத்தில், இடுப்பில் மாட்டுங்கள், எடுத்துப் பழகுங்கள். இவ்வளவுக்கும் பிறகு, நன்கு பயின்ற ஒருவர் கைத்துப்பாக்கியும் வேண்டும் என்று கருதினால், தம் கையால் அடக்கிக் குறிபார்க்கக் கூடியதையே அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். தம்மால் அடக்க முடியாத பெரிய துப்பாக்கி முதல் குண்டோடு பயனற்றுப் போகும்.

'எவ்வளவு வலிமை வேண்டும்?' என்ற கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு மேல் கேட்டார்கள். அதற்கு விடையாக இரண்டு கிலோகிராம் எஃகு வந்தது. 'கரடி ஏன் வருகிறது?' என்று கேட்டபோது விடையாக வந்தவை குப்பைத் தொட்டியின் மூடியும், வழிநடைப் பேச்சும், ஒரு குப்பி மிளகாய்ச் சாறும். ஆயிரத்துக்கும் கீழே குறைந்திருந்த கிரிஸ்லிகள் அம்மாநிலங்களில் இன்று ஏறத்தாழ 2,000 ஆகியிருக்கின்றன. அதே காடுகளில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மக்கள் நடந்து பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். நீங்களும் ஒரு சிக்கலுக்கு விடை தேடும்போது, எடுத்துக்கொண்ட கேள்வி சரியானதுதானா என்று முதலில் பாருங்கள்.